பள்ளிச் செய்தி வீடு போய்ச் சேர: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ‘செயலாளர் பொறுப்புக்கு யார்?’ என்று கேட்டதும் எல்லாரும் குனிந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். அந்த நேரம் தெரியாத்தனமாகத் தலையை நிமிர்த்தியவர்தான் செயலாளர். நீங்கள் அப்படி மாட்டியவராக இருக்கலாம். இந்த ஆண்டு முதன்முறையாக முதலாம் ஆண்டு வகுப்பை ஏற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். ‘எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே’ என்று பள்ளி வாசலில் வந்து நிற்கும் பெற்றோரை இரண்டு பேருமே சந்திக்கத்தான் போகிறீர்கள்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நான் இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், விடுமுறை நாள்கள் மட்டும் கொஞ்சம் மாறும். குழுவில் செய்தியைத் தட்டிவிட்டு ‘அனுப்பியாச்சு’ என்று சொல்வது சுலபம். காலையில் புத்தகப்பையைக் கட்டுபவருக்கும் மதியம் வாசலில் வந்து நிற்பவருக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு. கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தாம்.

முதலில், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், வருமானம் எல்லாம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதில் இருக்காது. ஆண்டின் முதல் வாரத்திலேயே அரைப்பக்கப் படிவம் ஒன்று கொடுங்கள். நாலே கேள்வி போதும். காலையில் பிள்ளையைக் கிளப்புவது யார்? மதியம் அழைத்துப் போவது யார்? வீட்டில் செய்தியைத் தமிழில் வாசிப்பார்களா, மலாயிலா, இல்லை குரல் பதிவாக அனுப்பினால்தான் வசதியா? அவசரத்துக்கு எந்த எண், அதை எடுக்காவிட்டால் அடுத்தது எது?

பதில்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் அம்மாக்கள் நம் பள்ளிகளில் நிறைய. பல தொழிற்சாலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை பத்து மணிக்கு நீங்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் செய்தியை அவர் மாலையில்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவர்களிடம் தொழிற்சாலையின் அலுவலக எண்ணையும் வாங்கி வைக்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போகும் அப்பாவுக்கு எடுத்து, ‘பத்து நிமிடத்தில் வாங்க’ என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் சித்தியின் எண்தான் உதவும்.

மொழியிலும் இதே கதை. மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்து வந்த இளம் பெற்றோர் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பிள்ளையை அழைத்துப் போக வரும் பாட்டிக்கோ தமிழ்தான் வாசிக்க வரும், மலாய்க் கடிதம் புரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருப்பார்கள். அதனால் ஒவ்வொரு செய்தியும் தமிழிலும் மலாயிலும் முழுதாகப் போக வேண்டும். தமிழில் நாலு வரி, மலாயில் ஒரு வரி என்று சுருக்கினால் மலாய் மட்டும் வாசிப்பவருக்கு, பிள்ளை தண்ணீர்ப் புட்டி கொண்டுவர வேண்டும் என்பது போன்ற விஷயம் தெரியாமலே போகும்.

பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை நீங்களே ஊகிக்காதீர்கள். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

அறிவிப்புக்கு ஒரே வழி

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆரம்பித்த புலனக் குழுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு வகுப்புக் குழு, பாடக் குழு, பெ.ஆ.ச. குழு, விளையாட்டுக் குழு என்று நாலைந்து. இரண்டு பிள்ளை இருந்தால் பத்து. ஒரே சுற்றறிக்கை பத்து இடத்தில் வந்து விழுந்தால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.

வகுப்புக்கு ஒரு அறிவிப்புக் குழு வையுங்கள். அதில் நிர்வாகிகள் மட்டும் செய்தி போடும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். பெற்றோர் தங்களுக்குள் பேச வேறொரு குழு வைத்துக்கொள்ளட்டும். ‘கணக்குப் புத்தகம் எத்தனாவது பக்கம்?’ என்று இரவு பத்தரைக்குக் கேட்டுக்கொள்ள அதுதான் இடம். ஆசிரியர் அதில் இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். அறிவிப்புக் குழுவில் முக்கியமான செய்தியை மேலே பொருத்தி வைக்கலாம். மூன்று செய்திவரை பொருத்த முடியும், 30 நாள் வரை அப்படியே இருக்கும். பிழையோடு அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டுப் புதுச் செய்திதான் போட வேண்டும். பழையதை அழித்தாலும், அதற்குள் படித்தவர்கள் பழைய நேரத்தையே மனத்தில் வைத்திருப்பார்கள்.

காகிதத்தை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கு வெளியே அழைத்துப் போவது, தடுப்பூசி, பணம் இவற்றுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். கீழே கிழித்துத் தரும் துண்டோடு கடிதம் போகட்டும். இன்னொன்று, பள்ளி வாசலில் ஒரு வெண்பலகை. இதைப் பலர் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தில் தாத்தா பாட்டிகளுக்கும் வேன் ஓட்டுபவர்களுக்கும் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ‘நாளை 11.30க்குப் பள்ளி முடியும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால், காத்திருக்கும் நேரத்தில் எல்லாரும் வாசிக்கிறார்கள், வாசிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். வேன் அண்ணன்களையும் ஒரு சின்னக் குழுவில் சேர்த்துவிடுங்கள். பள்ளி சீக்கிரம் முடிவது அவர்களுக்குத் தெரியாவிட்டால் அவ்வளவு பிள்ளைகளும் வாசலில் காய வேண்டியதுதான்.

முகநூல் பக்கம் கொண்டாட்டங்களைக் காட்டுவதற்கு. அறிவிப்பை அங்கே மட்டும் போட்டுவிட்டு ‘பார்க்கவில்லையா?’ என்று கேட்காதீர்கள்.

பள்ளியின் பெயரில் எது போனாலும் தலைமையாசிரியர் பார்த்த பிறகுதான் போக வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கான 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அவர்தான் சங்கத்தின் ஆலோசகர். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சங்கம் ஒரு தேதி சொல்லி, பள்ளி வேறொரு தேதி சொன்னால் அதற்கப்புறம் இரண்டையுமே யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆண்டு நாள்காட்டி

ஒரே பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் அளவுக்கு ஒரு நாள்காட்டி தயாரித்துப் பள்ளி திறக்கும் வாரமே கொடுத்துவிடுங்கள். பாதிக் கேள்விகள் குறையும்.

தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியது அ, ஆ பிரிவு. கல்வி அமைச்சின் நாள்காட்டியில் கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்கள் அ பிரிவு, மற்றவை ஆ பிரிவு. நாம் ஆ. கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு. சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தை அனுப்பிய அ பிரிவு நாள்காட்டி நம் பெற்றோர் குழுக்களில் ஒவ்வோர் ஆண்டும் சுற்றும். 2026இல் பள்ளி அங்கே ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை திறந்தது. நமக்கு 12, திங்கள். சில ஆண்டுகள் மார்ச்சிலும் பிப்ரவரியிலுமாகத் தொடங்கிய பள்ளி அந்த ஆண்டுதான் ஜனவரிக்குத் திரும்பியது என்பதால் குழப்பத்துக்குக் குறைவே இல்லை. உங்கள் நாள்காட்டியின் தலையிலேயே ‘ஆ பிரிவு, பினாங்கு’ என்று போட்டுவிடுங்கள்.

மாநில விடுமுறைகளும் அப்படித்தான். கோலாலம்பூரிலிருந்து மாறி வந்த குடும்பத்துக்கு ஜூலை 7, ஜோர்ஜ்டவுன் பாரம்பரிய நகர நாள் விடுமுறை என்பது தெரியாது. பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச நாளுக்கு இங்கே விடுமுறை இல்லை என்பதும் தெரியாது. தைப்பூசத்துக்கு இரண்டு இடத்திலும் விடுமுறை உண்டு. ஆனால் பினாங்கில் இரதம் முதல் நாளே புறப்பட்டுவிடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் அந்த நாலைந்து நாளும் அரைத்தூக்கத்தில்தான் இருப்பார்கள். அந்த வாரத்தில் கதை சொல்லும் போட்டியோ பெற்றோர் சந்திப்போ வைக்காதீர்கள். வைத்துவிட்டு வருகை குறைவு என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

உறுதியாகாத தேதிகளின் பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று எழுதுங்கள். தேதி உறுதியானதும் தனிச் செய்தி அனுப்பினால் போதும்.

செய்தியை எழுதும் விதம்

நம் பள்ளிகளில் சுற்றும் அறிவிப்பு பொதுவாக இப்படித் தொடங்கும்: ‘பெரும் மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம். எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் நம் பள்ளியின் இவ்வாண்டிற்கான விளையாட்டுப் போட்டி மிகச் சிறப்பாக நடைபெறவிருக்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ தேதி ஏழாவது வரியில் வரும். உடை பத்தாவது வரியில். அன்று வேன் ஓடுமா என்பது எங்கேயும் இருக்காது. அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

*சனி, ஏப்ரல் 18: விளையாட்டுப் போட்டி*
*பிள்ளைகள் காலை 7.15க்குள் பள்ளித் திடலில் இருக்க வேண்டும். பகல் 12 மணிக்கு முடியும்.*
*உடை: அவரவர் இல்லத்தின் சட்டை, கருப்பு நீளக்காற்சட்டை.*
*கொண்டுவர: தண்ணீர்ப் புட்டி, தொப்பி. காலை உணவு பள்ளியில் உண்டு. பணம் எதுவும் வேண்டாம்.*
*அன்று பள்ளி வேன் ஓடாது. அழைத்து வர ஆளில்லை என்றால் வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.*

வணக்கத்தை ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி வரியைப் பாருங்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் இருக்கும் அம்மா, பிள்ளையை அனுப்பாமல் விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த வரிதான் செய்தி. வேன், சாப்பாடு, பணம் இந்த மூன்றையும் எந்த அறிவிப்பிலும் சொல்லாமல் விடாதீர்கள். ‘இல்லை’ என்றாலும் இல்லை என்று சொல்லுங்கள்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். ஒரு செய்தியில் ஒரு விஷயம். விளையாட்டுப் போட்டியையும் பாடநூல் இரவல் திட்டத்துப் புத்தகங்களைத் திருப்பித் தருவதையும் சேர்த்து அனுப்பினால் இரண்டாவது காணாமல் போகும். பலவண்ண சுவரொட்டியாக மட்டும் அனுப்பாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிறகு தேடினால் கிடைக்காது, சின்ன எழுத்தைப் பெரியவர்களால் படிக்கவும் முடியாது. சுவரொட்டி அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கீழே எழுத்திலும் போடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் வீடுகளுக்கு அரை நிமிடக் குரல் பதிவு.

நேரத்துக்கு வருவோம். பகல் ஷிஃப்ட் பெரும்பாலும் இரவு ஏழு மணியை ஒட்டி முடியும். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரும்போது எட்டரை. எனக்குத் தெரிந்து அதுதான் நல்ல நேரம். ஒரு வாரம் முன்பு ஒரு முறை, முதல் நாள் இரவு எட்டரைக்கு ஒரு முறை. காலை ஆறரைக்கு ‘இன்று வெள்ளைச் சட்டை’ என்று அனுப்புவது பெற்றோரை அழ வைக்கும் வேலை.

அடைவு நிலையைச் சொல்வது

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் நிறுத்தியதிலிருந்து பெற்றோருக்கு ஒரு பிடிமானம் போய்விட்டது. ‘எத்தனை ஏ?’ என்று கேட்டே பழகியவர்கள் இப்போது 1 முதல் 6 வரை உள்ள அடைவு நிலைகளைப் பார்த்து விழிக்கிறார்கள். ‘நாலா? நூற்றுக்கு எவ்வளவு டீச்சர்?’ என்பது வழக்கமான கேள்வி. ஆண்டின் தொடக்கத்திலேயே இதை விளக்கி ஒரு தாள் கொடுங்கள். நிலை 3 என்றால் அந்த ஆண்டுக்குரிய குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டியாயிற்று என்று பொருள். நூற்றுக்கு ஐம்பது என்று அதை மாற்றிக் கணக்குப் போடக் கூடாது. பெற்றோர் சந்திப்பு நாளில் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாமல், அடுத்து வீட்டில் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள்: ‘தமிழில் மூன்று. நன்றாக வாசிக்கிறான். வாசித்த கதையைச் சொந்தமாகச் சொல்ல வரவில்லை. இரவில் ஒரு கதை வாசிக்க வைத்து, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.’ இது அப்பாவுக்கும் புரியும்.

தொலைபேசியில் சொல்ல வேண்டியவை

விழுந்தது, அடிபட்டது, சண்டை போட்டது, அழுதுகொண்டே இருப்பது எதையும் குழுவிலோ குறுஞ்செய்தியிலோ சொல்லாதீர்கள். கூப்பிடுங்கள். முதல் வாக்கியத்திலேயே பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

‘வணக்கம் அண்ணே, தமிழ்ப்பள்ளியிலேர்ந்து வகுப்பு டீச்சர் பேசறேன். தம்பி நல்லா இருக்கான், பயப்பட வேணாம். ஓய்வு நேரத்துல ஓடறப்ப விழுந்துட்டான், முட்டியில தோல் உரிஞ்சிருக்கு. கழுவி மருந்து போட்டாச்சு. இப்ப வகுப்புல உட்கார்ந்திருக்கான். வந்து அழைச்சிட்டுப் போகணும்னு அவசியமில்லை, வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை பார்த்துக்குங்க.’

இவ்வளவுதான். ‘சார், கொஞ்சம் ஸ்கூலுக்கு வர முடியுங்களா?’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் அந்த மனிதர் பாலத்தில் எப்படி வண்டி ஓட்டுவார் என்று யோசியுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், சின்னதாகத் தெரிந்தாலும், பெற்றோரை வரச் சொல்வதே சரி. பள்ளியின் எண்ணைப் பார்த்தாலே பெற்றோருக்குப் பகீரென்று இருக்கக் கூடாது அல்லவா? எப்போதாவது நல்ல சேதிக்கும் கூப்பிடுங்கள்: ‘இன்னைக்கு சபைகூடல்ல அவளாவே முன்ன வந்து பேசினா அக்கா.’

புகைமூட்டம், வெள்ளம், நோய்

ஐ.பி.யு. எனப்படும் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் திடல் நடவடிக்கைகள் நிற்கும், 200ஐத் தாண்டினால் பள்ளி மூடப்படும். இந்த இரண்டு எண்களையும் முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிட்டால், புகை வந்த நாளில் ‘நாளைக்குப் பள்ளி உண்டா?’ என்ற கேள்வி பாதியாகும். மீதிப் பாதிக்கு ஒரே விதி: தலைமையாசிரியர் உறுதி செய்யாமல் மூடல் செய்தி எதையும் பகிராதீர்கள். வேறு மாநிலத்துக் கடிதம், போன ஆண்டுக் கடிதம் எல்லாம் அன்றைக்குத்தான் பறக்கும். முடிவு இன்னும் வரவில்லை என்றால் அதையே அனுப்புங்கள்: ‘இரவு 9 மணிவரை மாற்றம் இல்லை. மாற்றம் வந்தால் இங்கேயே சொல்வோம்.’ அமைதியாக இருந்தால் வதந்திதான் பேசும்.

2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மின்சாரம் போனால் குழுவும் போய்விடும். தொடர்பு எண்களை அச்சிட்டு அலுவலகத்தில் ஒரு பிரதி, வகுப்பாசிரியர் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

கை, கால், வாய்ப்புண் நோய் வகுப்பில் வந்தால் அன்றே சொல்ல வேண்டும், யாருக்கு என்று சொல்லக் கூடாது. என்னென்ன அறிகுறி, எப்போது வீட்டில் நிறுத்த வேண்டும் என்பது போதும்.

பண விஷயம்

இங்கேதான் உறவு முறியும். சங்கத்துக்கான நன்கொடை விருப்பத்தின் பேரில் கொடுப்பது, அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். கொடுக்காதவர் பெயரைக் குழுவில் போடுவது, பிள்ளை வழியாகக் கேட்பது இரண்டும் கூடவே கூடாது. ‘பத்து ரிங்கிட்தானே’ என்பது நமக்கு, எல்லா வீட்டிலும் அப்படியில்லை. சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள், ரசீது கொடுங்கள், விழா முடிந்ததும் வரவு செலவை ஒரு பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

அரசாங்கம் தருவதையும் அதே அக்கறையோடு சொல்லுங்கள். பள்ளித் தொடக்கக்கால உதவி 150 ரிங்கிட், 2023 முதல் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் கிடைக்கிறது. எப்போது, எப்படித் தரப்படும் என்று தேதியோடு அறிவியுங்கள். கூடுதல் உணவுத் திட்டத்தில் காலை உணவு பெறும் பிள்ளைகள் யார் என்பதை மட்டும் தனித்தனியாக அந்தந்தப் பெற்றோரிடமே சொல்ல வேண்டும்.

‘பள்ளி உதவித்தொகை’ என்று சொல்லி வரும் ஏ.பி.கே. கோப்புகளை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்புகள்) திறக்க வேண்டாம் என்று ஆண்டுத் தொடக்கத்தில் எச்சரியுங்கள். யாராவது பணத்தை இழந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

படங்கள்

பெற்றோர் உண்மையில் ஆசையோடு எதிர்பார்ப்பது இதைத்தான். வாரத்துக்கு மூன்று நான்கு படம் போதும். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் கோப்பை வாங்கிய அதே ஐந்து பிள்ளைகள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். மற்ற பிள்ளைகளின் வீட்டில் அந்தக் குழுவைத் திறப்பதே நின்றுவிடும். தோட்டத்தில் வெண்டைக்காய் பறிக்கிற பையன், சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள், நூலகத்தில் தரையில் கவிழ்ந்து வாசிக்கிற சிறுமி, இவர்களை எடுங்கள். யார் வந்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் யாரும் விடுபட மாட்டார்கள்.

படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆண்டுத் தொடக்கப் படிவத்திலேயே அதையும் கேட்டுவிடுங்கள். பொதுவெளியில் முகம், முழுப்பெயர், வகுப்பு மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். மைகிட் எண் (பிள்ளையின் அடையாள அட்டை எண்), டெலிமா என்ற கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளக் கணக்கின் கடவுச்சொல் போன்றவை குழுவுக்கே போகக் கூடாது, காகிதத்தில் எழுதித் தனித்தனியாகக் கொடுங்கள்.

பதில் சொல்வதும், ஒப்படைப்பதும்

எத்தனை மணிவரை பதில் வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவு பதினொன்றுக்கு ஒரு முறை பதில் போட்டால், அதுவே உங்கள் அலுவல் நேரமாகிவிடும். குழுவில் யாராவது கோபமாகக் கேட்டால் அங்கேயே வாதம் செய்ய வேண்டாம். ‘அக்கா, இதை நேரில் பேசலாம், இப்போது கூப்பிடுகிறேன்’ என்று எழுதிவிட்டு உடனே கூப்பிடுங்கள். கோபத்தோடு எழுதியவர் குரலில் பாதிக்கு இறங்கிவிடுவார். சொல்லப்பட்ட குறை உண்மையாக இருந்தால், சரிசெய்ததைக் குழுவிலும் ஒரு வரி போடுங்கள்.

பொறுப்பு மாறும்போது குழுவின் நிர்வாகி உரிமை, முகநூல் பக்கத்தின் உரிமை, எண்களின் பட்டியல், இந்த ஆண்டு அனுப்பிய அறிவிப்புகள் நான்கையும் அடுத்தவரிடம் கொடுத்து, அவர் உள்ளே நுழைந்து ஒரு செய்தி போட்டுப் பார்க்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். ஆறாம் ஆண்டு முடித்துப் போன பிள்ளைகளின் பெற்றோரை நன்றி சொல்லிக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் ஒருவர், நாளைக்கு என்ன சட்டை என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்.